வர்ஜீனியாவில் இழந்த துப்பாக்கி உரிமையைத் திரும்பப் பெற: எந்த வாசலை முதலில் தட்டுவது

கவர்னர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். அறுபதை நெருங்கும் தச்சர். 1989-இல், இருபத்து சொச்சம் வயதில், வேலை செய்த இடத்திலிருந்து ஒரு டிரில்லையும் ஒரு மின்ரம்பத்தையும் எடுத்துப்போய் விற்றிருக்கிறார். இரண்டும் சேர்ந்து 200 டாலருக்குக் கொஞ்சம் மேலே. அந்தக் கொஞ்சம்தான் அதை ஃபெலனி, அதாவது பெரிய குற்றம், என்று ஆக்கி, அவரை வாழ்நாள் முழுக்க 'ஃபெலன்' ஆக்கியது. ஜெயிலுக்குக்கூடப் போகவில்லை, ப்ரொபேஷனோடு முடிந்தது. "எல்லாம் திரும்பி வந்துவிட்டது, இந்த நவம்பர் மாமனாருடைய ரைஃபிளை எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறேன்" என்றார். காகிதத்தை வாங்கிப் படித்தேன். ஓட்டுப் போடலாம், ஜூரியில் உட்காரலாம், தேர்தலில் நிற்கலாம், நோட்டரி ஆகலாம் என்று இருந்தது. துப்பாக்கி உரிமை இதில் சேராது என்பதும் அதே காகிதத்திலேயே இருந்தது. அதை அவர் கவனிக்கவே இல்லை.

கவனிக்காமலே போய் அந்த ரைஃபிளைத் தொட்டிருந்தால், வர்ஜீனியா சட்டப்படி அது புதிதாக ஒரு ஃபெலனி (கிளாஸ் 6). ஃபெடரல் (மத்திய அரசு) வழக்காகப் போனால் 2022-க்குப் பிறகு அதிகபட்சம் 15 வருஷம். பழைய குற்றம் வன்முறைக் குற்றமாக இருந்தால் வர்ஜீனியாவிலேயே 5 வருஷம் கட்டாயச் சிறை, வேறு ஃபெலனியாக இருந்து கடந்த 10 வருஷத்துக்குள் தீர்ப்பு வந்திருந்தால் 2 வருஷம் கட்டாயச் சிறை, நீதிபதி நினைத்தாலும் குறைக்க முடியாது. முப்பது வருஷம் ஒழுங்காக வாழ்ந்த மனிதர் ஒரு காகிதத்தைச் சரியாகப் படிக்காததால் மறுபடி உள்ளே போவதா? அதை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. அவருக்காகப் படிவங்கள் நிரப்பி, அவரோடு கோர்ட்டுக்கு நடந்து, தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டவன். உங்கள் வழக்கில் சிக்கல் இருந்தால் வக்கீலிடம் போங்கள், அதில் சந்தேகமே வேண்டாம்.

முதலில் ஒன்று புரிய வேண்டும். இதற்கு இரண்டு பூட்டு. ஒன்று மாநிலப் பூட்டு, இன்னொன்று ஃபெடரல் பூட்டு. மாநிலம் திறந்துவிட்டாலும் ஃபெடரல் பூட்டு அப்படியே தொங்கலாம். இதற்கு டெக்சாஸ் நல்ல உதாரணம். அங்கே ஃபெலனித் தீர்ப்பு பெற்றவர் சிறையிலிருந்தோ கண்காணிப்பிலிருந்தோ விடுபட்டு 5 வருஷம் ஆனால், தன் வீட்டுக்குள் துப்பாக்கி வைத்துக்கொள்வதை மாநிலச் சட்டம் குற்றமாக்கவில்லை. ஆனால் 1968-இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அந்த 5 வருஷக் கணக்கைக் கண்டுகொள்வதே இல்லை. ஆக, வீட்டில் உட்கார்ந்திருக்கும் அதே ஆள், அதே துப்பாக்கியோடு, மாநிலத்துக்குச் சரி, ஃபெடரலுக்குக் குற்றவாளி. "எங்க ஸ்டேட்ல பரவாயில்லை" என்று யாராவது சொன்னால், ஃபெடரலில் என்ன நிலை என்று திருப்பிக் கேளுங்கள்.

சரி, வேலையைத் தொடங்குவோம். தொடங்குவது உங்கள் பழைய தீர்ப்பிலிருந்து. என்ன குற்றம், எந்த கோர்ட், என்ன தேதி? நினைவை நம்பாதீர்கள். முப்பது வருஷத்துக்கு முன் கோர்ட்டில் நின்றவருக்கு அன்று வக்கீல் சொன்னது பாதிதான் ஞாபகம் இருக்கும், அதிலும் "சின்ன கேஸ்தான்" என்று சொன்ன பாதிதான் இருக்கும். தீர்ப்பு வந்த சர்க்யூட் கோர்ட்டின் (ஃபெலனி வழக்குகளை விசாரிக்கும் மாநிலக் கோர்ட்) கிளார்க் அலுவலகத்தில் தீர்ப்பாணையின் சான்றிட்ட நகல் கேளுங்கள், காசு கட்டினால் கொடுப்பார்கள். கூடவே வர்ஜீனியா ஸ்டேட் போலீஸிடம் உங்கள் சொந்தக் குற்றப் பதிவேட்டையும் வாங்கிவிடுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தாத தேதி, முடிவு குறிக்காத வழக்கு, வேறு பெயர் எழுத்து, இதெல்லாம் இருந்தால் இப்போதே சரி செய்வது நல்லது, அப்புறம் நீதிபதி முன்னால் நின்று விளக்குவது கஷ்டம்.

அந்தக் காகிதத்தில் பார்க்க வேண்டியது, எத்தனை நாள் தண்டனை அனுபவித்தீர்கள் என்பது இல்லை, எத்தனை நாள் கொடுத்திருக்க முடியும் என்பது. ஒரு வருஷத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றம் என்றால், நீங்கள் ஒரு நாள்கூட உள்ளே இருக்காவிட்டாலும் ஃபெடரல் தடை வந்துவிடும். மாநிலம் ஒன்றை மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம், என்று சொல்லி, அதற்கு 2 வருஷமோ அதற்குக் குறைவோ மட்டுமே விதிக்க முடியும் என்றால் அது விதிவிலக்கு. வர்ஜீனியாவில் கிளாஸ் 1 மிஸ்டிமீனருக்கு அதிகபட்சமே 12 மாதம்தான், அதனால் சாதாரண மிஸ்டிமீனர்கள் இந்த வலையில் விழுவதில்லை. விழுகிற ஒரு மிஸ்டிமீனர் உண்டு, அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

என் பக்கத்து வீட்டுக்காரரைப் போல எத்தனை பேர் இருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வர்ஜீனியாவில் திருட்டு ஃபெலனியாக மாறும் எல்லை 1980-இலிருந்து 200 டாலர்தான். 2018-இல்தான் 500 ஆனது, 2020-இல் 1,000 ஆனது. இன்று அதே டிரில்லையும் ரம்பத்தையும் யாராவது எடுத்தால் அது மிஸ்டிமீனர். ஆனால் எல்லை உயர்ந்ததால் பழைய தீர்ப்பு தானாக மாறிவிடாது. 1989-இல் ஃபெலனி என்றால் இன்றும் ஃபெலனிதான். எனக்கு இதில் நியாயம் தெரியவில்லை, ஆனால் நிலைமை இதுதான்.

அடுத்து, தீர்ப்பு எங்கே வந்தது என்று பாருங்கள், ஏனென்றால் பாதையே அதை வைத்துத்தான் பிரிகிறது. வர்ஜீனியா மாநிலக் கோர்ட் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. வேறு மாநிலம் என்றால், அந்தத் தீர்ப்பு ஃபெடரல் கணக்கில் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதைத் தீர்மானிப்பது தீர்ப்புக் கொடுத்த மாநிலத்தின் சட்டம், நீங்கள் இப்போது குடியிருக்கும் மாநிலத்தின் சட்டம் இல்லை. வட கரோலினாவில் வாங்கிய தீர்ப்பு என்றால் முதலில் அங்கே என்ன வழி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபெடரல் கோர்ட்டில், உதாரணத்துக்கு அலெக்ஸாண்ட்ரியாவில் இருக்கும் ஃபெடரல் கோர்ட்டில், வந்த தீர்ப்பு என்றால் மாநிலத்தில் யாரும் ஃபெடரல் பூட்டைத் திறக்க முடியாது. 1994-இல் பீச்சம் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்துவிட்டது. அவர்களுக்கு இருப்பது ஜனாதிபதியின் மன்னிப்பு, இல்லாவிட்டால் அமெரிக்க அட்டர்னி ஜெனரலிடம் நிவாரணம் கேட்கும் வழி. இந்த இரண்டாவது வழி சட்டப் புத்தகத்தில் எப்போதும் இருந்தது, ஆனால் 1992-இலிருந்து தனிநபர் மனுக்களைப் பார்க்கக் காசு ஒதுக்கக் கூடாது என்று நாடாளுமன்றம் வருஷாவருஷம் தடுத்து வந்ததால் முப்பது வருஷத்துக்கு மேல் அந்தக் கதவு பூட்டியே கிடந்தது. 2025-இல் ஃபெடரல் அரசின் நீதித்துறை (டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்) அந்த வேலையை, அதுவரை பொறுப்பில் இருந்த ஏடிஎஃப் என்ற துப்பாக்கிக் கட்டுப்பாட்டு அமைப்பிடமிருந்து எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கியது. உங்களுடையது ஃபெடரல் தீர்ப்பு என்றால் அதன் இன்றைய நிலையை நீதித்துறைத் தளத்தில் பாருங்கள்.

இப்போது அந்த மிஸ்டிமீனர். மனைவியை, கணவரை, குழந்தையின் தாயை அல்லது தகப்பனை, இப்படிக் குடும்பத்துக்குள் ஒருவரை அடித்ததற்கான தீர்ப்பு. 1996-இலிருந்து ஃபெடரல் சட்டத்தில் இதற்கு வாழ்நாள் தடை, அது மிஸ்டிமீனராக இருந்தாலும் சரி. வர்ஜீனியா 2021-இல் தன் பங்குக்கு ஒரு தடை கொண்டுவந்தது, அது 3 வருஷத்தில் தீர்ந்துவிடும். அந்த 3 வருஷம்தான் ஆபத்தே. "மூணு வருஷம் முடிஞ்சிடுச்சு" என்று துப்பாக்கி வாங்கக் கடைக்குப் போவார்கள், ஃபெடரல் தடை அங்கே அப்படியே இருக்கும், படிவத்தில் 'இல்லை' என்று டிக் அடித்தால் பொய் சொன்ன குற்றமும் சேரும். கணவன் மனைவியாகவோ சேர்ந்து வாழ்ந்தவர்களாகவோ இல்லாமல், காதலித்துப் பழகியவரை அடித்த வழக்கு என்றால் 2022-இல் வந்த ஃபெடரல் சட்டத்தில் ஒரே ஒரு தீர்ப்பு மட்டும் இருப்பவருக்கு 5 வருஷம் கழித்துத் தடை நீங்கும், அதற்குள் வேறு குற்றம் எதுவும் வந்திருக்கக் கூடாது. குடும்ப வன்முறைத் தீர்ப்பு இருக்கிறவர்கள் இதை மட்டும் படித்துவிட்டு எதையும் செய்யாதீர்கள், வக்கீலைப் பாருங்கள்.

சிறு வயதில் செய்ததும் கணக்கில் வரும். 14 வயதோ அதற்கு மேலோ இருக்கும்போது, பெரியவர் செய்திருந்தால் ஃபெலனி ஆகியிருக்கும் ஒரு காரியத்துக்காக ஜுவனைல் கோர்ட் உங்களைக் குற்றவாளி என்று சொல்லியிருந்தால், வர்ஜீனியாவில் 29 வயது ஆகும் வரை துப்பாக்கி கூடாது. கொலை, ஆள்கடத்தல் மாதிரி சில குற்றங்களுக்கு 29-உம் உதவாது.

வர்ஜீனியா தீர்ப்பு உள்ளவர் முதலில் தட்ட வேண்டிய வாசல் கவர்னருடையது, கோர்ட்டுடையது இல்லை. சட்டமே அப்படி வரிசை போட்டிருக்கிறது: ஃபெலனித் தீர்ப்பு பெற்றவர் தன் குடிமை உரிமைகள் திரும்பக் கிடைத்த பிறகுதான் துப்பாக்கிக்காக கோர்ட்டில் மனுப் போடத் தகுதி பெறுகிறார். இதைத் தெரியாமல் நேராக கோர்ட்டுக்குப் போனால் மனு அங்கேயே நின்றுவிடும். குடிமை உரிமைகள் என்றால் நான் மேலே சொன்ன நான்கு: ஓட்டு, ஜூரி, தேர்தலில் நிற்பது, நோட்டரி. இதற்கான விண்ணப்பம் 'செக்ரட்டரி ஆஃப் தி காமன்வெல்த்', அதாவது மாநிலச் செயலாளர், அலுவலகத்துக்குப் போகிறது, இணையத்திலேயே போடலாம்.

ஆனால் விண்ணப்பிக்கும் முன் ஏற்கெனவே கிடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இது நிறைய பேருக்குத் தெரியாது. 2016 ஏப்ரலில் அப்போதைய கவர்னர் டெர்ரி மெக்காலிஃப் ஒரே உத்தரவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு உரிமைகளைத் திருப்பிக் கொடுத்தார். மொத்தமாகக் கொடுக்கக் கூடாது, ஒவ்வொருவராகத்தான் கொடுக்க வேண்டும் என்று அதே ஜூலையில் வர்ஜீனியா உச்ச நீதிமன்றம் சொன்னது. அவரும் விடாமல் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார், பதவி முடிவதற்குள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் போனது. அடுத்து வந்த ரால்ஃப் நார்தம் 2021-இல், சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டாலே போதும் என்று ஆக்கினார். கிளென் யங்கின் 2023-இல் மறுபடி ஒவ்வொருவரும் விண்ணப்பித்து, ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கும் முறைக்குக் கொண்டுபோனார். கவர்னர் மாறினால் நடைமுறை மாறும், அதனால் இன்று என்ன முறை என்பதை அலுவலகத் தளத்தில்தான் பார்க்க வேண்டும். என் பக்கத்து வீட்டுக்காரருக்கு 2017-லேயே கிடைத்துவிட்டது. பழைய முகவரிக்கு அனுப்பியிருக்கிறார்கள், அந்த வீட்டை விட்டு வந்து பல வருஷம் ஆகியிருந்தது. அத்தனை வருஷமும் ஓட்டு இல்லை என்று நினைத்துக்கொண்டே இருந்திருக்கிறார். தளத்தில் பெயரைப் போட்டுத் தேடியபோதுதான் தெரிந்தது, நகல் கேட்டு வாங்கினோம், அதைத்தான் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

அப்புறம் கோர்ட். எந்த சர்க்யூட் கோர்ட்? நீங்கள் குடியிருக்கும் இடத்தின் கோர்ட், தீர்ப்பு வந்த கோர்ட் இல்லை. வர்ஜீனியாவை விட்டு வெளியே குடிபோய்விட்டவர் என்றால் மட்டும் கடைசியாகத் தீர்ப்பு வந்த கவுண்டி அல்லது நகரத்தின் கோர்ட். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, வர்ஜீனியாவில் நகரமும் கவுண்டியும் தனித்தனி. தபால் முகவரியில் 'ரிச்மண்ட்' என்று இருக்கும், வீடு ஹென்ரைகோ கவுண்டியில் இருக்கும். 'அலெக்ஸாண்ட்ரியா' என்று இருக்கும், வீடு ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டியில் இருக்கும். சொத்து வரியை எங்கே கட்டுகிறீர்கள் என்று பாருங்கள், தெளிவாகிவிடும். தவறான கோர்ட்டில் போட்டால் கட்டணமும் நாட்களும் வீண்.

மனு பெரிய இலக்கியமாக இருக்க வேண்டியதில்லை. கிளார்க் அலுவலகத்தில் முதலில் கேளுங்கள், பல இடங்களில் அவர்களிடமே மாதிரிப் படிவம் இருக்கும், என்னென்ன இணைக்க வேண்டும் என்பது கோர்ட்டுக்குக் கோர்ட் வேறுபடும். உங்கள் பெயர், பிறந்த தேதி, முகவரி, எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறீர்கள், எல்லா ஃபெலனித் தீர்ப்புகளும், எல்லாம் என்றால் எல்லாம், தேதியோடு, கோர்ட்டின் பெயரோடு. கவர்னர் காகிதத்தின் நகல். அபராதம், கோர்ட் செலவு, பாதிக்கப்பட்டவருக்குக் கட்ட வேண்டிய ஈடு எல்லாம் கட்டி முடித்ததற்குச் சான்று. நிலுவை இருந்தால் அதைக் கட்டிவிட்டு வாருங்கள், இருபது டாலர் பாக்கி வைத்துக்கொண்டு திருந்திவிட்டேன் என்று நிற்பது நன்றாக இருக்காது. அப்புறம் தீர்ப்புக்குப் பிறகு எப்படி வாழ்ந்தீர்கள் என்பது: வேலை, குடும்பம், சர்ச் அல்லது கோயில், குடிப்பழக்கம் இருந்து விட்டிருந்தால் அதுவும். தெரிந்தவர்களிடம் இரண்டு மூன்று கடிதம் வாங்குங்கள். "நல்லவர், வல்லவர்" என்று எழுதும் கடிதம் பிரயோஜனப்படாது. பக்கத்து வீட்டுக்காரர் முதலாளி எழுதியது நாலே வரி: பதினெட்டு வருஷமாக என் கடைச் சாவி இவரிடம்தான் இருக்கிறது, ஒரு ஆணி காணாமல் போனதில்லை. எனக்குத் தெரிந்து அந்த நாலு வரிதான் மற்ற எல்லாக் காகிதத்தையும் விட அதிகம் பேசியது.

மனுவின் நகல் ஒன்றை அந்தப் பகுதியின் காமன்வெல்த் அட்டர்னிக்கு, அதாவது அரசுத் தரப்பு வக்கீலுக்கு, அனுப்ப வேண்டும். பதில் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. எதிர்க்கலாம், எதிர்ப்பில்லை என்றும் சொல்லலாம். இவர் தேர்தலில் ஜெயித்து வருகிறவர், அதனால் கவுண்டிக்குக் கவுண்டி மனப்போக்கு மாறும். மனுப் போடும் முன்பே அவர் அலுவலகத்துக்கு மரியாதையாக ஒரு போன் போட்டு, இந்த மாதிரி மனுக்களில் அவர்கள் என்னென்ன பார்க்க விரும்புகிறார்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. அவர் எதிர்க்கவில்லை என்றால் பாதி வேலை முடிந்த மாதிரி. இரு தரப்பில் யாராவது ஒருவர் கேட்டால் விசாரணை நடக்கும்.

சட்டம் நீதிபதிக்குக் கொடுத்திருக்கும் அளவுகோல் 'தகுந்த காரணம்', அவ்வளவுதான். இத்தனை வருஷம் ஆகியிருக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை, இத்தனை வருஷம் ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கணக்கும் இல்லை. முழுக்க அவர் முடிவு. அதனால் 'ஏன் வேண்டும்?' என்ற கேள்விக்கு உண்மையான பதில் வைத்துக்கொள்ளுங்கள். "இது என் உரிமை, அரசியல் சட்டத்தில் இருக்கிறது" என்று ஆரம்பிப்பவர்கள் உண்டு. சொல்லலாம், ஆனால் நீதிபதி தெரிந்துகொள்ள விரும்புவது உங்களைப் பற்றி. எங்கள் விசாரணை மொத்தமே பத்து நிமிஷம் இருந்திருக்கும். மர பெஞ்சில் எங்களுக்கு முன்னால் நாலைந்து வழக்கு. பெயர் கூப்பிட்டதும் எழுந்து போனார், இஸ்திரி போட்ட சட்டை, கையில் தொப்பி. நீதிபதி கேட்டது இரண்டே கேள்வி. அன்று அந்தக் கருவிகளை ஏன் எடுத்தீர்கள்? "வாடகை கட்ட. ஆனால் அது காரணம் ஆகாது, அந்தக் கருவிகளை வைத்துத்தான் இன்னொருவர் வாடகை கட்டிக்கொண்டிருந்தார்" என்றார். இப்போது துப்பாக்கி எதற்கு? மாமனார் ஷெனாண்டோவா பக்கத்துக் காட்டில் பேரனுக்கு வேட்டை கற்றுக்கொடுக்கிறார், மூன்று வருஷமாக இவர் வண்டியிலேயே உட்கார்ந்திருக்கிறார், அதைச் சொன்னார். சொல்லும்போது குரல் கொஞ்சம் தடுமாறியது. அரசுத் தரப்பு எதிர்ப்பில்லை என்றது. இப்படி எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்லவில்லை. வன்முறைக் குற்றம் என்றால், சமீபத்தில் கைதாகியிருந்தால், கேள்விகள் வேறு மாதிரி இருக்கும். ஆனால் செய்ததைக் குறைத்துச் சொல்லாமல், யார் மேலும் பழி போடாமல் சொல்வது எந்த வழக்கிலும் உதவும்.

உத்தரவு கையில் வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். நிபந்தனை எதுவும் இருக்கிறதா? 'வேட்டைக்கு மட்டும்', 'நீளத் துப்பாக்கி மட்டும்' என்று மாநிலம் ஒரு பகுதியை மட்டும் திருப்பிக் கொடுத்தால் ஃபெடரல் கணக்கில் அது திருப்பிக் கொடுத்ததாகவே ஆகாது. 1998-இல் கேரன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது இதைத்தான்: கொடுத்தால் முழுக்க, இல்லாவிட்டால் இல்லை. நல்லது செய்வதாக நினைத்து ஒரு நிபந்தனை சேர்ந்துவிட்டால் உங்களுக்கு அது ஃபெடரல் பொறி. அதனால் மனுவிலேயே நிபந்தனை இல்லாமல் முழுமையாகத் திருப்பித் தரும்படி கேளுங்கள், வக்கீல் வைத்திருந்தால் உத்தரவின் வாசகத்தை அவரை விட்டுத் தயாரிக்கச் சொல்லுங்கள். வக்கீலுக்குக் காசு செலவழிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறதென்றால் இது. ஒரு காகிதம் மட்டும் இருந்தால் போதாது என்பதும் இங்கேதான்: கவர்னர் கொடுத்த குடிமை உரிமைகளும் கோர்ட் கொடுத்த துப்பாக்கி உரிமையும், இரண்டும் சேர்ந்து இருந்தால்தான் ஃபெடரல் பூட்டு திறக்கும்.

காத்திருக்கும் மாதங்களைப் பற்றிக் கொஞ்சம் நேரம் பேச வேண்டும், ஏனென்றால் ஆட்கள் மாட்டுவது இந்த இடைவெளியில்தான். 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்கியது மட்டும் இல்லை. மனைவி பெயரில் இருக்கும் துப்பாக்கி, நீங்களும் திறக்கக்கூடிய அலமாரியில் இருந்தால் அது உங்கள் கையில் இருப்பதாகவே கொள்ளப்படலாம். நண்பனின் காரில் உங்கள் இருக்கைக்கு அடியில் இருப்பது, சுடும் பயிற்சி இடத்தில் இரண்டு நிமிஷம் கையில் வாங்கிப் பார்ப்பது, எல்லாமே பிரச்சினைதான். தோட்டாவும் அதே கணக்கு. என் பக்கத்து வீட்டுக்காரர் தன் கொட்டகையைக் காட்டியபோது, அவர் அப்பா விட்டுப்போன மேஜையின் கடைசி இழுப்பறையில், துருப்பிடித்த கீல்களுக்கும் திருகாணி டப்பாவுக்கும் நடுவில், பாதி காலியான .22 தோட்டாப் பெட்டி ஒன்று கிடந்தது. அட்டை மக்கி, மஞ்சளாகி. அவருக்கு அது அங்கே இருப்பதே மறந்துபோயிருந்தது. அன்றே மாமனார் வந்து எடுத்துப்போனார். வீட்டை ஒரு முறை இழுப்பறை இழுப்பறையாகப் பார்த்துவிடுங்கள். மனைவிக்குத் துப்பாக்கி இருந்தால் உங்களுக்குத் தெரியாத எண் போட்ட பெட்டகத்தில் இருக்கட்டும், இன்னும் நல்லது, வேறு வீட்டில் இருக்கட்டும். வேட்டை ஆசை தாங்கவில்லை என்றால் வில் இருக்கிறது, குறுக்குவில் இருக்கிறது. வர்ஜீனியாவில் வில் வேட்டைக்குத் தனிப் பருவமே உண்டு, அது துப்பாக்கித் தடையில் வராது.

நீதிமன்றங்களில் இப்போது நடப்பதை வைத்து அவசரப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022-இல் துப்பாக்கி உரிமையை விரிவாக்கி அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த புரூயென் தீர்ப்பு வந்த பிறகு, வன்முறை இல்லாத பழைய குற்றத்துக்காக ஒருவரை வாழ்நாள் தடை செய்யலாமா என்ற கேள்வி நாடு முழுக்க எழுந்திருக்கிறது. ரேஞ்ச் என்பவர் 1995-இல் உணவு உதவி விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்ததற்காகத் தீர்ப்பு பெற்றவர், மூன்றாம் சர்க்யூட் என்ற ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார். அது பென்சில்வேனியா பக்கம். வர்ஜீனியா நான்காம் சர்க்யூட்டில் இருக்கிறது, அந்த நீதிமன்றம் 2024-இல் ஹன்ட் வழக்கில் ஃபெலன்களுக்கான தடை செல்லும் என்றே சொன்னது. செய்தியில் ரேஞ்ச் பெயரைப் படித்துவிட்டு இங்கே ரைஃபிளைத் தூக்காதீர்கள்.

இந்தப் பக்கம் நம் ஆட்கள் நிறையப் பேர் இருப்பதால் இதையும் சேர்க்கிறேன். ஹெச்-1பி, எஃப்-1 மாதிரித் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்குக் குற்றத் தீர்ப்பே இல்லாவிட்டாலும் பொதுவாகத் துப்பாக்கி கூடாது, முறையான வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு மட்டும் உண்டு. கிரீன் கார்டுக்காரர்கள் வைத்துக்கொள்ளலாம். ஆனால் குடிமகன் ஆகாதவருக்குத் துப்பாக்கிக் குற்றத் தீர்ப்பு வந்தால் அதுவே நாடு கடத்தக் காரணம். இன்னொன்று, முதல் முறை போதைப்பொருள் வழக்குகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிபந்தனைகளை முடித்து, வழக்கு தள்ளுபடி ஆவது உண்டு. மாநிலத்துக்கு அது தீர்ப்பே இல்லை, ஆனால் குடியேற்றச் சட்டம் அதைத் தீர்ப்பாகவே பார்க்கும். கிரீன் கார்டு வைத்திருப்பவர் இந்தப் பாதையில் இறங்கும் முன் குடியேற்ற வக்கீலிடம் பேசியே ஆக வேண்டும், துப்பாக்கி வக்கீல் மட்டும் போதாது.

உத்தரவுக்கு அடுத்த கட்டம் பதிவேடு. கோர்ட் உத்தரவு ஸ்டேட் போலீஸின் குற்றப் பதிவேட்டில் ஏற வேண்டும், அது ஏறும் வரை கடையில் நிற்பது வீண். துப்பாக்கிக் கடையில் உடனடிப் பின்னணிச் சோதனையை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது வர்ஜீனியாதான், 1989-இல். அங்கே இரண்டு படிவம் நிரப்புவீர்கள், ஒன்று ஃபெடரல் 4473, ஒன்று மாநிலத்துடையது. தீர்ப்பு இருக்கிறதா என்ற கேள்விக்குப் பக்கத்தில் இருக்கும் விளக்கத்தை முழுக்கப் படியுங்கள், உரிமை திரும்பக் கிடைத்தவர் எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் நிரப்பாமல் வெளியே வாருங்கள், பொய்யான பதில் தனிக் குற்றம். சோதனையில் மறுத்துவிட்டால் கடைக்காரரோடு வாக்குவாதம் செய்து பயனில்லை, அவருக்குக் காரணமே தெரியாது. உங்கள் பதிவேட்டைப் பார்க்கவும் திருத்தக் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு, வழக்குப் போடுவதென்றால் மறுத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் போட வேண்டும். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.

உத்தரவின் சான்றிட்ட நகல் குறைந்தது மூன்று வாங்குங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வக்கீலிடமோ நம்பிக்கையான ஒருவரிடமோ, ஒன்று வண்டியில். வழியில் போலீஸ் நிறுத்தி, பழைய பதிவைப் பார்த்துக் கேள்வி கேட்டால் நீட்டுவதற்கு அது வேண்டும். கவர்னர் காகிதத்தையும் அதோடு சேர்த்து வையுங்கள். துப்பாக்கியை உடலில் மறைத்து எடுத்துச்செல்லும் பர்மிட் இதில் வராது, அதற்குத் தனி விண்ணப்பம், தனி நிபந்தனைகள்.

என் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு காகிதத்தையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டியின் சன்கிளாஸ் வைக்கும் இடத்தில் செருகியிருக்கிறார். நவம்பரில் ஒரு சனிக்கிழமை விடியுமுன் ஆரஞ்சுத் தொப்பியோடு கிளம்பினார், பின் இருக்கையில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். மான் எதுவும் கிடைக்கவில்லை. சாயங்காலம் வந்து, அந்த உறையில் தண்ணீர் போகாமல் இருக்க இன்னொரு உறை இருக்குமா என்று கேட்டார்.